சும்மா நடக்க ஒரு பாதை

எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத பாதையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள். பெரம்பலூரில் இதற்கென்று ஓர் ஆளையே போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் நான்தான்.

உண்மையில் எனக்குச் சம்பளம் வருவது வேறு வேலைக்கு. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துப் பெயர் கூப்பிடுகிறேன். பத்து வருடமாக அடுத்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். அதற்கு முந்தின வாரம் போகிற போக்கில் என் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரி சுகர் ஒன்பதரை. "மூணு மாசம் டைம் தரேன். குறையலேன்னா ஊசிதான்" என்றார்.

எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பது வயதில், அதுவும் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களை வரிசையில் உட்காரவைக்கிற ஆள் இப்படிச் சொல்வது அசிங்கம்தான். ஆனால் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் இப்போது தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் கதையெல்லாம் ஒன்றுதானே.

அதே மூச்சில் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். பெரிய நகரங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கும்பலாகக் காடு மேடெல்லாம் நடக்கிற குழுக்கள் இருக்கின்றனவாம். நம் நோயாளிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். தடம் கண்டுபிடிப்பது, ஆள் சேர்ப்பது, கூட்டிக்கொண்டு போவது எல்லாம் என் பொறுப்பு. "முன்னால போற உங்களுக்கே குறையலேன்னா பின்னால வர்றவங்க எப்படி நம்புவாங்க?" என்றும் கேட்டுவைத்தார். இப்படியாக, ஊசிப் பயத்தோடு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

பதினோரு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் போதும். ஒருவர் சகாயமேரி டீச்சர். வரதராஜன்பேட்டைக்காரர், ஓய்வு பெற்ற பிறகும் எதிரில் நிற்கிறவர்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்துகிறவர். இன்னொருவர் ராமலிங்கம், ஓய்வு பெற்ற கண்டக்டர். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் வேலை பார்த்தவனுக்கு இனிமேல் எதற்கு நடை என்று முதல் நாளே வாதாடினார். "பஸ்ஸு ஓடுனா நீங்க நடந்ததா ஆயிடுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு அவர் வாயை அடைத்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டலை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. இப்போது கொஞ்சம் குறைவாக.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மொபெட்டை எடுத்துக்கொண்டு தடம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை குழுவுக்கு வேன். அதன் கூரையில் சாமானோடு சாமானாக என் மொபெட்டும் வரும். இறங்கியதும் தண்ணீர்க் கேனையும் முதலுதவிப் பெட்டியையும் அதில் ஏற்றிக்கொண்டு நான் முன்னால் போவேன். எல்லோருக்கும் டாக்டரம்மா கொடுத்த வெளிர்நீலத் தொப்பி. ஆக, ஒரு தடத்தை அவர்கள் ஒருமுறை பார்த்தால் நான் இரண்டு முறை பார்க்கிறேன். அவர்களைவிட இரண்டு பங்கு வேகத்தில் என் சுகர் இறங்கும் என்பது என் திட்டம்.

குரும்பலூர் ரோடு

முதல் நடை பக்கத்திலேயே. காலை ஆறு மணிக்குப் பெரம்பலூரில் கிளம்பி குரும்பலூர் வரை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெங்காயக் கொல்லை, மக்காச்சோளக் கொல்லை. நான் முன்னால் போய் ஊர் எல்லையில் தண்ணீர்க் கேனோடு காத்திருந்தேன். அரை மணிகூட ஆகவில்லை, முதல் உறுப்பினர் வந்துவிட்டார். அடேங்கப்பா, என்ன வேகம் என்று வியந்தேன். அவர் ஒரு டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்தில், நடந்து போகிற ஆளைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் போவது ஒரு குற்றம். நிறுத்தியும் ஏறாமல் இருப்பது அதைவிடப் பெரிய குற்றம். பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு அந்தப் பெரிய குற்றத்தைச் செய்ய மனம் வரவில்லை. ராமலிங்கத்துக்காக டவுன் பஸ்ஸே நின்றிருக்கிறது. அவரும் ஏறி, பழக்க தோஷத்தில் விசில் வேறு கொடுத்திருக்கிறார்.

கடைசிவரை நடந்தவர்கள் மூன்று பேர். டீச்சர் அதில் ஒருவர். ஒரு பால்காரர் மூன்று முறை கூப்பிட்டும் ஏற மறுத்திருக்கிறார். நான்காவது முறை அந்தப் பால்காரர் வண்டியை ஓரங்கட்டி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாராம்: "வூட்டுல சண்டைன்னா பேசித் தீத்துக்கலாம் டீச்சர். இப்புடிக் கோவிச்சுக்கிட்டு ரோட்டுல எறங்கிட்டா ஊரு என்ன பேசும்? ஏறுங்க, சாருகிட்ட நான் வந்து சொல்றேன்."

வழி விசாரித்தது

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை. மொபெட்டில் உட்கார்ந்தபடியே, மேலே இருக்கிற ஊருக்கு நடந்து போகிற பாதை எது என்று கேட்டேன். கடைக்காரர் பஸ் வருகிற நேரத்தைச் சொன்னார். பஸ் வேண்டாம், நடந்து போகணும் என்றேன். ஷேர் ஆட்டோக்காரர் நம்பரைக் கொடுத்தார். நான் மட்டுமில்லை, இன்னும் பதினோரு பேர் வருவார்கள் என்றேன். அப்படியென்றால் வேன் இருக்கிறது என்றார்.

நடந்து, காலால் நடந்து, என்று அழுத்தி அழுத்திச் சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. வடைச் சட்டியில் விட்ட கரண்டியை எடுக்காமல் என்னையும் என் மொபெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்: "வண்டி வெச்சிருக்கிற ஆளு நீங்க, உங்களுக்கு எதுக்குங்க நடக்குற பாதை?"

சுண்ணாம்புப் பொட்டு

நடைக்குழு நடத்துகிறவர்கள் ஆட்கள் வழி தவறாமலிருக்கப் பாதை நெடுக அடையாளம் வைப்பார்கள் என்று போனில் படித்தேன். படித்ததை உடனே செய்து பார்க்கிற வியாதியும் எனக்கு உண்டு. விக்கிரமங்கலத்தில் ஏரிக்கரையிலிருந்து கொல்லை வரப்புகள் வழியாக நல்ல தடம் ஒன்று அகப்பட்டிருந்தது. வியாழக்கிழமை போய், போனில் மேப்பைப் பார்த்துப் பார்த்து, மொபெட் போகிற இடமெல்லாம் கல்லுக்குக் கல் சுண்ணாம்பால் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அரியலூர் மாவட்டத்தில், அடுத்தவர் கொல்லையில், போனைப் பார்த்துக்கொண்டே கல்லில் அடையாளம் வைக்கிறவனை என்னவென்று நினைப்பார்கள் என்று தெரியாத ஒரே ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன். தெரியாத வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கம் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. சிமெண்டுக்கு நிலம் எடுக்க வருகிறவர்களும் முதலில் இப்படித்தான் வந்து அளந்து அடையாளம் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கினால் ஊரே வரப்பில் நின்றது. ஒரே மாதிரி தொப்பியைப் பார்த்ததும் அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது, கம்பெனி ஆட்களேதான். ஒரு பெரியவர் என் மொபெட் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவருக்கு இருப்பது மூன்று ஏக்கர், அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அதைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. சுகர், நடை, டாக்டரம்மா என்று நான் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. சும்மா நடக்க வந்தோம் என்றதை மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கடைசியில் டீச்சர்தான் காப்பாற்றினார். எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொல்லி, பதினோரு பேருடைய மாத்திரை டப்பாவையும் திறந்து காட்டவைத்தார். அத்தனை மாத்திரையைப் பார்த்த பிறகு ஊரின் கோபம் பரிதாபமாக மாறியது. பொட்டுகளையெல்லாம் நாங்களே துடைத்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு. ஈரத்துணியோடு வரப்பு வரப்பாக இரண்டு மணி நேரம் துடைத்தார்கள். சாவி திரும்பி வந்துவிட்டதால் நான் வண்டியில் மேற்பார்வை பார்த்தேன். கிளம்பும்போது ஒரு பெண் மட்டும் கோபம் ஆறாமல் குறுக்கே வந்து நின்றார்: "எல்லார் கொல்லையிலயும் வெச்சீங்க, எங்க கொல்லைய மட்டும் தாண்டிப் போயிட்டீங்களே, எங்க மண்ணு என்னங்க மட்டமா?"

ஒரு போன்

ராமலிங்கத்தின் மனைவி ஆஸ்பத்திரிக்கே போன் செய்தார். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடுதான் வருகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நடக்கிறாரா என்று கேட்டார். நன்றாக நடக்கிறார் என்றேன், ஒரு குழுத் தலைவனுக்குரிய கம்பீரத்தோடு. அந்த அம்மா சொன்னார்: "ஞாயித்துக்கெழம வந்ததும் பத்து இட்லி திங்கிறாருங்க. நீங்க அவர நடக்க வெக்கிறீங்களா, பசிக்க வெக்கிறீங்களா?"

பானகம்

ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குத் தவக்காலத்தில் பாதயாத்திரை போகிறவர்கள் உண்டு. அந்த ரோட்டில், அந்த மாதத்தில், நான் தடம் போட்டேன். ஒரே நிறத்தில் தொப்பி, அதுவும் மாதாவுக்குரிய நீலம். முன்னால் தண்ணீர்க் கேனோடு ஒரு வண்டி. பின்னால் வியர்த்து விறுவிறுத்துப் பதினோரு பேர். பார்க்கிறவர்களை எப்படிக் குறை சொல்வது? இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசமில்லாமல் வாசலுக்கு வாசல் பானகத்தோடு நின்றார்கள். ஒரு வீட்டில் வாழைப்பழம், இன்னொரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல்.

பதினோரு பேரும் டாக்டரம்மாவுக்குப் பயந்து வாயை இறுக மூடிக்கொண்டார்கள். கொடுக்கிறவர்கள் முகம் வாடலாமா? குழுவின் சார்பில் நானே குடித்தேன். தலைமைப் பொறுப்பு என்றால் சும்மாவா? வண்டியில் முன்னால் போனதால் எந்த வாசலிலும் முதல் டம்ளர் எனக்குத்தான் வந்தது. பொங்கலையும் நான் ஒருவனே தாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது வீட்டில் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. செம்பும் டம்ளருமாக நின்ற அம்மாவிடம், நாங்கள் யாத்திரைக்காரர்கள் இல்லை, சுகர்காரர்கள், டாக்டர் சொல்லி நடக்கிறோம், பானகம் எங்களுக்கு விஷம் என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். அந்த அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் டம்ளரை இன்னும் கொஞ்சம் நிரப்பி என் கையில் வைத்தார்: "சுகரு எறங்கணும்னுதான் வேண்டிக்கிட்டுப் போறீங்க, அதெல்லாம் மாதா பாத்துக்குவா, குடிங்க தம்பி."

முந்திரிக்காடு

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைச் சுற்றி நடந்தால் புண்ணியம்தான் சேரும், சுகர் குறையாது என்று ராமலிங்கம் கருத்துச் சொன்னார். அதனால் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பு வழியாகத் தடம் போட்டேன். நல்ல நிழல், காலுக்கு மெத்தென்று மணல். முந்திரி பழுத்து விழுகிற மாதம் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அந்த மாதத்தில் கொட்டை திருடுகிறவர்கள் விடிந்தும் விடியாமலும், தோளில் பையோடு, மரத்தடியைக் குனிந்து பார்த்தபடி நடப்பார்களாம். எங்கள் ஆட்களும் பாம்புக்குப் பயந்து அச்சு அசலாக அப்படியே நடந்தார்கள். தோப்பு ஓரத்தில் வண்டியை அணைக்காமல் நான் ஒருவன் வேறு தயாராக நின்றேன்.

தோப்புக்கார அம்மா துரட்டியோடு வந்து மறித்தார். பையையெல்லாம் கொட்டிக் காட்டச் சொன்னார். எல்லோரும் காட்டினார்கள், ராமலிங்கம் மட்டும் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். எத்தனையோ செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்த்தவன் நான், என் பையைத் தொடக்கூடாது என்றார். துரட்டி கொஞ்சம் உயர்ந்ததும் திறந்தார். உள்ளே முந்திரிக்கொட்டை ஒன்றுகூட இல்லை. வாழையிலையில் சுற்றிப் பதினான்கு அதிரசம் இருந்தது. திடீரென்று லோ சுகர் ஆனால் தின்பதற்கு என்றார். "பதினாலு தடவையா?" என்று டீச்சர் கேட்டார். அதற்குள் வேறு சில சட்டைப் பைகளிலிருந்தும் கடலை மிட்டாய் எட்டிப் பார்த்தது. என் மொபெட்டில் இருந்த பெட்டியை முதலுதவிப் பெட்டி என்று சொல்லித் திறக்காமல் தப்பித்தேன். என்ன இருந்தது என்று நீங்களும் கேட்காதீர்கள்.

அந்த அம்மா துரட்டியைத் தரையில் ஊன்றி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்: "கொட்டை திருட வந்த ஆளுவன்னு நெனச்சேன். வூட்டுக்குத் தெரியாம திங்கிறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க, நல்லா இருங்க!"

காரைப் பள்ளம்

ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசி நடை. காரையில் மழைத்தண்ணீர் அறுத்து அறுத்துப் போட்ட செம்மண் பள்ளங்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை இருக்கின்றன. மேலே நின்று பார்த்தால் அழகு, உள்ளே இறங்கினால் எல்லாப் பள்ளமும் ஒன்றுபோலவே இருக்கும். மொபெட் அதில் இறங்காது. ஆகவே நான் மேட்டில் நின்று கையை நீட்டித் தடத்தைக் காட்டினேன். நேராகப் போய் இடது பக்கம் ஏறினால் ரோடு, ஒரு மணி நேரம். போனில் கோடு நேராகத்தான் இருந்தது. பள்ளம் மேப்புக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒருவருக்கும் போன் போகவில்லை. தண்ணீர்க் கேன் நிரம்ப நிரம்ப என் வண்டியிலேயே இருந்தது. டீச்சருக்கு அறுபத்து மூன்று வயது. மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தினமும் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவன் நான். கிண்டலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த மேட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். என் சுகர், என் ஊசி எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

அப்புறம் ஆட்டு மந்தை ஒன்று மேடேறி வந்தது. அதன் பின்னால் செம்மண் பூசின முகங்களோடு பதினோரு நீலத் தொப்பி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். டீச்சர் நடுவழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். ராமலிங்கம் பையைத் திறந்து இரண்டு அதிரசம் கொடுத்து எழுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு டீச்சர் அந்தப் பையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்களுக்கு வழி காட்டிக் கூட்டிவந்த ஆடு மேய்க்கிறவர் எங்கள் கேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சந்தேகத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்: "எங்கிட்ட அம்பது ஆடு இருக்கு, ஒண்ணும் தொலைஞ்சதில்ல. ஆளுக்கு ஒரு போனு வெச்சிருக்கிற பதினோரு பேரு எப்புடிங்க தொலைவீங்க?"

ரிசல்ட்

பதினோரு பேருக்கும் குறைந்திருந்தது. பத்து இட்லி, அதிரசம் எல்லாவற்றையும் மீறி ராமலிங்கத்துக்கும் குறைந்திருந்தது. வழி தவறியது, துரத்தப்பட்டது, பொட்டுத் துடைத்தது எல்லாமே நடையாகச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. டாக்டரம்மா ஒவ்வொரு பெயராகப் படித்தார், எல்லோரும் கை தட்டினோம். கடைசியாக என் தாளை எடுத்தார். ஒன்பதரை, பத்தரை ஆகியிருந்தது.

மெஷினில் கோளாறு என்றேன். இதே மெஷின்தான் மற்றவர்களுக்கும் என்றார். இவர்கள் ஒரு தடவை போன தடத்தை நான் இரண்டு தடவை போனவன் என்று குரலை உயர்த்தினேன். "எதுல போனீங்க?" என்று கேட்டார். இது என்ன கேள்வி, வண்டியில்தான் என்றேன். பதினோரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நம்புங்கள், அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவில்லை. வழி தேடியது நான், தண்ணீர் கொண்டுபோனது நான், அடி வாங்கப் பார்த்தது நான், அழுததும் நான். அதனால் நடந்ததும் நான்தான் என்று மூன்று மாதமாக மனதார நம்பியிருக்கிறேன்.

நர்ஸ் ஊசியோடு வந்தார். டீச்சர் பக்கத்தில் வந்து, மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு முன் எல்லோர் எதிரிலும் நான் வாயை அடைத்த ராமலிங்கத்தின் குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது: "நானாச்சும் பஸ்ஸுக்குள்ள முன்னயும் பின்னயும் நடந்தேன் சார்!"

ஆகவே, அன்பான சுகர்காரர்களே, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சும்மா நடப்பதற்குத் தோதான பாதைகளை நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், எல்லாமே அருமையான பாதைகள் என்று நடந்தவர்கள் சொல்கிறார்கள்.